பங்குனியை வெட்டிய வீடு

உன் தங்கை கயலிடமிருந்து நான்கு பங்குனி மாதங்களை நீ திருடுகிறாய். திருடுவதற்கு என் கையெழுத்தையும் கேட்கிறாய். நீ கூரியரில் அனுப்பிய விண்ணப்பப் படிவம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உன் அப்பா அதை மினி பஸ்ஸின் ஸ்டியரிங் மேலேயே வைத்து, அடுத்த டிரிப்புக்கு ஆள் ஏறி முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார். "பையன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவர் எதையும் படித்துப் பார்ப்பதில்லை. நான் படித்தேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை விடுதி. வருடத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வரலாம். பங்குனியிலும் சித்திரையிலும் வெளியே விட மாட்டார்கள், அது தேர்வுக் காலம். கடைசிப் பக்கத்தில் தகப்பனார் கையெழுத்துக்கு ஒரு கட்டம், தாயார் கையெழுத்துக்கு ஒரு கட்டம். இரண்டாவது கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து நீ மூன்று முறை போன் செய்தாய்.

"போட்டு அனுப்புமா, லாஸ்ட் டேட் போயிடும். நான் ஃபாரின் போறதுக்குள்ள இவள செட்டில் பண்ணிட்டுப் போறேன்" என்றாய். "இவ என்ன பீரோவாடா, ஒரு மூலையில தள்ளி வெச்சுட்டுப் போறதுக்கு?" என்று கேட்டேன். சிரித்தாய். கயலை இந்த வருடமாவது பங்குனியில் வெளியே அழைத்துப் போனேன், அவளுக்கு அது வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். அதற்கும் சிரித்தாய். "நம்ம ஊர்ல ஏதும்மா வசந்தம்? வெயில் காலம், அப்புறம் கொடும் வெயில் காலம். அவ்ளோதான்." அந்த வார்த்தைதான் என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்தது. மாசிக் கடைசியில் புங்க மரம் மொத்தமாக உதிர்த்துவிட்டு, பத்தே நாளில் எண்ணெய் தடவியதுபோல இளம்பச்சையாகத் துளிர்க்கிறது. வேம்பு பூக்கிறது. மாவடு விழுகிறது. குயில் தொண்டை கிழியக் கத்துகிறது. கத்திரி வெயில் பிடிப்பதற்கு முன்னால் ஆறேழு வாரம் இந்த மண்ணிலும் வசந்தம் இருக்கிறது. அந்த ஆறேழு வாரமும்தான் முழுப் பரீட்சை. ஊரில் வசந்தமே கிடையாது என்று நீ நம்புகிறாய் என்றால், அது வந்தபோதெல்லாம் உன்னை உள்ளே வைத்துப் பூட்டியது நாங்கள்.

2004 பங்குனியை எடுத்துக்கொள். நீ பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினாய். பரீட்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில் கேபிள் கனெக்‌ஷனைப் பிடுங்கிவிடுவது நம் தெருவில் எல்லோரும் செய்வது. சொந்தக்காரர்கள் வர மாட்டார்கள், வந்தாலும் வாசலோடு பேசிவிட்டுப் போவார்கள், குக்கர் விசில்கூட அடங்கித்தான் அடிக்க வேண்டும். நான் அதற்கும் ஒரு படி மேலே போனேன். வாசலில் நின்ற புங்க மரத்தில் ஒரு குயில் வந்து உட்கார ஆரம்பித்திருந்தது. நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அதற்குப் பதில் விசில் அடிப்பாய். அது கோபத்தில் இன்னும் உச்சத்துக்குப் போகும். நீ இன்னும் கொஞ்சம் ஏற்றுவாய். ஐந்து வயதுக் கயல் உன் மடியில் உட்கார்ந்துகொண்டு, யார் ஜெயிக்கிறார்கள் என்று கை தட்டுவாள். உன் அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அந்தக் குயிலின் சிவப்புக் கண்ணை மட்டும் இருபது முப்பது தடவை வரைந்து வைத்திருந்தாய். அதை ஒரு ராத்திரி நான் பார்த்துவிட்டேன். மறுநாள் நீ கணக்குப் பரீட்சைக்குப் போன பிறகு ஆளைக் கூப்பிட்டு மரத்தில் ஏற்றினேன். குயில் உட்கார இடம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. பூவும் துளிருமாக ஒவ்வொரு கிளையாகக் கீழே விழுந்தது. பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா துணி காயப்போட வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். "ஏம்மா, பரீட்சை பையனுக்கா, மரத்துக்கா?" என்றார்கள். "டிஸ்டர்பா இருக்குக்கா" என்றேன். "கேபிள அறுத்தே, சரி. இதையும் அறுத்துட்டியா?" என்று சொல்லிவிட்டு ஈரத்துணியோடு உள்ளே போய்விட்டார்கள்.

நீ பரீட்சை எழுதிவிட்டு வந்து மொட்டை மரத்தைப் பார்த்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அடுத்த பரீட்சைக்குப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைத்தான் இன்று என்னால் பொறுக்க முடியவில்லை. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று உன் அப்பாவிடம் சொன்னேன். நீ அன்றைக்குக் கத்தியிருக்க வேண்டும். சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். பதினைந்து வயதில் ஒரு பையன் அதற்குக்கூடக் கோபப்படாமல் உட்கார்ந்து படித்தான் என்றால், நாங்கள் அவனுக்குள் எதை வெட்டினோம் என்று யோசித்துப் பார்.

நல்ல மார்க் வாங்கினாய். அந்த மார்க்கைப் பிடித்துக்கொண்டு உன்னை மேற்கே அந்த விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார்கள், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் திரும்பத் திரும்ப உருட்டுவார்கள் என்று தெரிந்துதான் சேர்த்தோம். அதை ஒரு திறமை என்று நினைத்தோம். கால அட்டவணையில் ஓவியம், இசை, விளையாட்டு எல்லாம் இருந்தது. அது சுவரில் மாட்டுவதற்கு. முதல் வருடம் நான் உனக்கு ஊறுகாய் எடுத்துக்கொண்டு வந்தபோது, கரஸ்பாண்டண்ட் வீட்டு வராந்தாவில் காத்திருக்கச் சொன்னார்கள். உள்ளே அவருடைய இரண்டு பேத்திகள் தரையில் பெரிய தாளை விரித்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் வந்திருந்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு கரஸ்பாண்டண்ட் பெருமையாகச் சொன்னார்: "இதுங்க மலை மேல ஒரு ஸ்கூல்ல படிக்குதுங்க. அங்கெல்லாம் சின்ன கிளாஸ்ல பரீட்சையே கெடையாதுங்க. காடு மேடெல்லாம் கூட்டிட்டுப் போயி, பூச்சி பொட்டெல்லாம் காட்டித்தான் பாடமே." நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன். நம் பிள்ளைகளை இரும்புக் கதவுக்குள் வைத்துப் பூட்டி அந்த வருமானத்தில் அவர் தன் பேத்திகளுக்குக் காட்டைத் திறந்துவிடுகிறார், அதை என்னிடமே சொல்கிறார், நான் சிரிக்கிறேன். அவர் மேல் எனக்கு இருக்கிற கோபத்தைவிட அந்தச் சிரிப்பின் மேல் கோபம் ஜாஸ்தி.

இனி சொல்லப் போவது உனக்குத் தெரியாது. உன் கூட்டாளி முருகவேல் நினைவில் இருக்கிறானா? தேவனாம்பட்டினத்துப் பையன். பத்தாம் வகுப்புக்கு முன்னால், பங்குனி ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்குள் நீயும் அவனும் கயலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆமைக்குஞ்சு கடலில் இறங்குவதைப் பார்க்கப் போவீர்கள். கவிழ்த்துப் போட்ட படகில் தாளம் தட்டி, வாத்தியார்கள் மேல் அவனே கட்டிய பாட்டைப் பாடுவான். கயல் அதை வீட்டில் வந்து பாடி உன்னை மாட்டிவிடுவாள். நீ விடுதிக்குப் போன அந்த வருடத்து மார்கழியில்தான் கடல் ஊருக்குள் வந்தது. நான் எஸ்டிடி பூத்திலிருந்து உன் வார்டனுக்குப் போன் செய்தேன். "பையன்கிட்ட சொல்லணுமாங்க? சொன்னா மைண்ட் அப்செட் ஆயிடும். ரிவிஷன் டெஸ்ட் ஓடிட்டிருக்குதுங்க" என்றார். "வேணாம் சார், சொல்லாதீங்க. நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்றேன். அங்கே பேப்பர் கிடையாது, டிவி கிடையாது. கடலூரைக் கடல் அடித்துப்போட்டது கடலூர்ப் பையனுக்குத் தெரியாமல் நானும் அவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டோம். அப்புறம் நீ எப்படியோ தெரிந்துகொண்டாய். ஆனால் பொங்கலுக்கு அடுத்த வாரம் முருகவேல் நம் வீட்டு வாசலுக்கு வந்தது உனக்குத் தெரியாது. யாரோ கொடுத்த, இரண்டு அளவு பெரிய சட்டை போட்டிருந்தான். "அம்மா, அவன் அட்ரஸ் குடுங்க. ஒரு லெட்டர் போடணும்" என்றான். உன் அட்ரஸ் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்த கடிதத்தில் இருந்தது, எனக்கு இரண்டடி தூரத்தில். "இன்னும் சரியா தெரியல தம்பி. ரூம் மாத்திக்கிட்டே இருக்காங்களாம்" என்றேன். தொங்கிய சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். "பாப்பா போயிடுச்சுன்னு அவன்கிட்ட சொல்லிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். பாப்பா அவன் தங்கை. கயல் வயது. நீ மே மாதம் ஐந்து நாள் வந்தபோது அவனைக் கேட்டாய். "குடும்பத்தோட எங்கயோ போயிட்டாங்கடா" என்றேன். அதில் பாதிதான் உண்மை. ஏழு வருடமாக மீதிப் பாதியை நான் சொல்லவில்லை. உன் படிப்புக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ என்ன கேட்பாய் என்று தெரியும். போனிலேயே கேட்டுவிட்டாய். "அந்த ஹாஸ்டல் இல்லன்னா நான் அப்பா பஸ்ல டிக்கெட் கிழிச்சிட்டு இருந்திருப்பேன். பாட்டு, படம், பூவெல்லாம் இருக்கப்பட்டவங்க வீட்டுப் புள்ளைங்களுக்கும்மா. நமக்கு மார்க்குதான்." உன் வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. நம் தெருவில் முதல் இன்ஜினியர் நீ. இந்த வீட்டுக்குக் கான்கிரீட் கூரை வந்தது உன்னால். ஆனால் நீ சொன்னதைத் திரும்ப ஒரு முறை படி. பூ இருக்கப்பட்டவர்களுக்கு என்று எவன் எழுதிக் கொடுத்தான்? புங்க மரம் வாசலில் சும்மா நின்றது. குயில் யாரிடமும் டிக்கெட் கேட்கவில்லை. இலவசமாகக் கிடைத்ததையும் நம் பிள்ளைக்கு ஆகாது என்று நாமே வெட்டிப் போட்டோம், அதை நமக்கான நியாயம் என்று இப்போது நீ எனக்கே பாடம் நடத்துகிறாய். நான் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், தினமும் பார்க்கிறேன். எங்கள் பள்ளிக்கு இந்த வருடம்தான் ஓவிய வாத்தியார் என்று ஒருவர் வந்தார், அதுவும் வாரத்தில் மூன்று அரை நாள். அவரைக் கொண்டு ரிஜிஸ்டர்களுக்குக் கோடு போட வைக்கிறார்கள். அந்தப் பக்கம் காசுள்ளவர்களுக்கு சம்மர் கேம்ப் வைத்து, ஓவியத்துக்கும் பாட்டுக்கும் போட்டி நடத்தி, முதல் பரிசு இரண்டாம் பரிசு என்று அதையும் பரீட்சையாக்கிவிட்டார்கள். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அது ஒரு காக்காயை வரைந்துகொண்டு வந்தால், போட்டிக்கு அனுப்பலாமா என்று மட்டும் யோசிக்காதே. நீயும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காக்காயை வரை. அசிங்கமாக வரும். வரட்டும்.

பிள்ளையின் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது எனக்கு இந்தப் பங்குனியில்தான் தெரிந்தது. முழுப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தபோது கயலை அழைத்துக்கொண்டு அண்ணாகிராமத்துக்கு உன் மாமா வீட்டுக்குப் போனேன். போன மார்கழியில் அடித்த தானே புயலில் அவனுடைய முந்திரி மொத்தமும் சாய்ந்து கிடந்தது உனக்குத் தெரியும். நிவாரணத்துக்கு எழுதிக் கொடுக்கிற வேலையாகத்தான் போனேன், ஊர் சுற்ற இல்லை. கயல் நோட்டை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போய், வேர் மேலே தூக்கிக் கிடந்த ஒரு மரத்துக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். உன் மாமா, "என்னடி மருமவளே, ஆபீஸர் போட்டோ எடுத்தான், நீ படம் போடுறியா? உன் படத்துக்காவது ஏதாவது குடுப்பானா?" என்றான். "மாமா, அது சாவல. வந்து பாருங்க" என்றாள். போய்ப் பார்த்தோம். படுத்துக் கிடந்த மரத்தில், மண்ணோடு ஒட்டிய பக்கத்து வேர் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கிளையில் செந்துளிர், நடுவில் ஒரு கொத்துப் பூ. முந்திரிப் பூ வாசம் உனக்கு நினைவிருக்காது. அந்தத் தோப்பிலேயே பிறந்து வளர்ந்த நான் அதை முப்பது வருடம் கழித்து அன்றைக்குத்தான் முகர்ந்தேன். உன் மாமா அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றான். காசு வராது என்று அவனுக்குத் தெரியும், இருந்தாலும் விடவில்லை.

படத்துக்குக் கீழே அவள் நான்கு வரி எழுதியிருந்தாள். "காற்று தள்ளிவிட்டது. / படுத்துக்கொண்டே பூத்திருக்கிறாய். / எழுந்திருக்கச் சொல்லி / யாரும் உன்னை அடிக்கவில்லையா?" உன் மாமா அதை வாங்கி இரண்டு தடவை படித்தான். "உன் பொண்ணு யாரடி திட்டுறா இதுல?" என்று என்னைக் கேட்டான். சாயங்காலம் அவன் பிள்ளைகள் இரண்டும் கயலும் நிவாரணத்தில் வந்த நீலப் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிப் பாட ஆரம்பித்தார்கள். சினிமாப் பாட்டில் பாதி, புயலில் பறந்துபோன கோழிகளின் பெயர்கள் பாதி. சின்னவன் என் கையைப் பிடித்து இழுத்து, "அத்தை, நீ தட்டு" என்றான். தட்டினேன். தாளம் தப்பியது. மூன்றும் விழுந்து விழுந்து சிரித்தன. நாற்பத்து நான்கு வயதில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு பாட்டுக்குத் தட்டுவது எனக்கு அதுதான் முதல் தடவை. நீ சின்னவனாக இருந்தபோது உன்னோடு நான் ஒரு நாளும் தட்டியதில்லை. நீ தட்டும்போதெல்லாம் "சத்தம் போடாதே, படி" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை சிதம்பரம் போனோம். கோபுர வாசலில் இருக்கிற ஆடுகிற பெண்களின் சிலைகளை வரைய வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஒரு கால் எப்படித் தலைவரை போகிறது என்று தானும் காலைத் தூக்கிப் பார்த்து, விழப் போய், என்னைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஒரே கூட்டம். பரீட்சைப் பிள்ளைகளும் பெற்றவர்களும். தட்டில் பேனாவும் ஹால் டிக்கெட்டும் வைத்து அர்ச்சனை. நானும் உனக்கு வைத்தவள்தான். ஒரு பையன் வாயைப் பிளந்துகொண்டு மேலே மண்டபக் கூரையில் புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். "சாமியப் பாருடா. மேல என்ன இருக்கு?" கயல் என் காதருகில் வந்து, "அண்ணனையும் நீ இப்டித்தான் அடிச்சியா?" என்றாள். "கை வெச்சதே இல்ல" என்றேன். உண்மை அது. ஆனால் சொல்லும்போது நாக்கு கூசியது. திரும்பி வரும் பஸ்ஸில் மரத்தை வெட்டியதைச் சொன்னேன். முருகவேல் வந்ததையும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். பிறகு, "அண்ணனுக்கு இது தெரியுமா?" என்றாள். "தெரியாது." "அப்போ சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்றேன்." இந்தக் கடிதத்தில் பாதி அவள் மிரட்டியதால் எழுதியது.

அவள் பெரிய ஓவியர் ஆகிவிடுவாள் என்று நான் கனவு காணவில்லை. அவள் வரைகிற மாடு நாற்காலிபோல இருக்கிறது. அவள் இங்கேயே பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கட்டும். கணக்கில் திணறுகிறாள், அதற்கு யாரிடமாவது உட்கார வைக்கிறேன். மார்க் வாங்கட்டும், வேலைக்குப் போகட்டும், உன்னைப்போல இந்த வீட்டைத் தூக்கி நிறுத்தட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. அதற்கு விலையாக நான்கு வருடம் அவள் கண்ணைக் கட்ட வேண்டும் என்று நீயும் அந்தப் பள்ளியும் சொல்கிறீர்கள். அந்த விலையை ஒரு முறை நான் உன்னைக் கேட்காமல் உன் தலையில் வைத்தேன். உன் முகத்தில் அது என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். இப்போது நீ ஊருக்கு வந்தால் ஜன்னல் பக்கம் உட்கார்வதில்லை. லேப்டாப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து உட்கார்கிறாய். கயல் எதையாவது கொண்டுவந்து காட்டினால், "சூப்பர்" என்கிறாய், நிமிராமல்.

படிவம் மேசையில் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. நான் கேட்பதற்கு நீ பதில் சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன், அன்றைக்கே போட்டுக் கூரியரில் அனுப்புகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பள்ளியில் நீ இருந்த இரண்டு வருடத்தில் ஏதாவது ஒரு நாளை எனக்குச் சொல். ராங்க் வேண்டாம், மார்க் வேண்டாம். அந்த வளாகத்தில் என்ன மரம் இருந்தது, எப்போது பூத்தது, குளிக்கிற இடத்தில் எவன் பாடினான், மழை வந்தபோது நீ எங்கே நின்றாய், எதைப் பார்த்து யாரோடு சிரித்தாய், இப்படி ஏதாவது. முழு நாள்கூட வேண்டாம், ஒரு சாயங்காலம் போதும். ஞாயிற்றுக்கிழமை போனில் இதைக் கேட்டேன். நீ பேசவில்லை. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன், நாற்பதுவரை எண்ணினேன். பிறகு, "லைன் சரியில்லம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் மூச்சு எனக்குக் கேட்டது. திரும்பவும் கேட்கிறேன். அந்த இரண்டு வருடத்தில் உனக்கு நினைவிருக்கிற ஒரு நாளைச் சொல்.